கை நடுக்கத்துக்கு 19 நாள் கழித்து டோக்கன்: காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 61 வயது, பீடி சுற்றுகிறார். ஆறேழு மாதமாக வலது கை நடுங்குகிறது. கொண்டுபோய்க் கொடுக்கிற பீடியில் கடைக்காரர் கழித்துப் போடுவது கூடிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் டோக்கன் கேட்டதற்கு 19 நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க இவ்வளவு நாள் ஆவது வழக்கம்தானா, பேசாமல் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ கூட்டிப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், அம்மா வேறு பெரிய மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை, கேஸ் மாத்திரையும் தலைசுற்றல் மாத்திரையும்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வழக்கமா இல்லையா என்று கேட்டாலும், இந்த 19 நாளில் அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்தான் உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் நரம்பியல் மருத்துவன் இல்லை. பொது மருத்துவம் படித்தவன். முதலில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிறகு சொந்த கிளினிக்கிலுமாக, தாமிரபரணிக் கரை ஊர்களிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். "பெரிய டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதித் தாங்கய்யா" என்று வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களிடம் அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்பதும் என் தினசரி வேலை. அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் என்ன நோய் என்று சொல்ல மாட்டேன். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆறேழு மாதமாக மெல்ல மெல்ல வந்த கை நடுக்கம் இன்னும் மூன்று வாரம் காத்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் பயப்படுவது பார்க்கின்சன் நோய் என்றால், அதற்கும் இதே பதில்தான். அந்த நோயின் வேகத்தைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. இருக்கிற மருந்துகள் நடுக்கத்தையும் விறைப்பையும் மந்தத்தையும் குறைத்து அன்றாட வேலையைச் செய்ய உதவுபவை. அவற்றைக்கூட, நோய் என்று தெரிந்த அன்றே ஆரம்பித்தாக வேண்டும் என்றில்லை. வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். ஆகவே இந்த மூன்று வாரம் தள்ளிப்போவதால் நோயின் போக்கு மாறிவிடாது.

ஆனால் இந்த உறுதி சில நிபந்தனைகளோடுதான். இந்த 19 நாளுக்குள் ஒரு பக்கக் கை காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ டோக்கனைப் பற்றி நினைக்காதீர்கள். அது அவசரச் சிகிச்சைக்கான விஷயம், 108க்கு அடியுங்கள். கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் அம்மா எங்காவது விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வயதானவர்களுக்குச் சின்ன அடியில்கூட மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துத் தலைவலி, குழப்பம், தள்ளாட்டம் என்று வெளியே தெரியும். "குளிக்கும்போது வழுக்கினேன், ஒண்ணும் இல்ல" என்று அவர்களே மறந்திருப்பார்கள். நடுக்கத்தோடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவராக இருந்து திடீரென்று வியர்த்து நடுங்கினால், முதலில் வாயில் இனிப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம். இவை எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். கேஸ் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை இரண்டையும் நம் ஊரில் யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் என்று சொல்வார்கள். இவற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். நடுக்கம் என்று வந்தால் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். கேஸுக்குக் கொடுக்கிற கூட்டு மருந்துகள் பலவற்றில், அமிலத்தைக் குறைக்கும் ராபிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றோடு லெவோசல்பிரைடு என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கும். தலைசுற்றலுக்குக் கொடுப்பதில் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு ஃபுளூனாரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு. இவை எல்லாமே மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கக் கூடியவை. பார்க்கின்சன் நோயில் குறைவது அதே டோபமைன்தான். அதனால் இந்த மருந்துகளை மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பார்க்கின்சன் மாதிரியே கை நடுக்கம், நடையில் மந்தம், முகத்தில் இறுக்கம் எல்லாம் வரும். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வாய்ப்பு அதிகம்.

பார்க்கின்சன் மாதிரியான தோற்றம் வருவதற்கு, அந்த நோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காரணமாவது மருந்துதான் என்று பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடுகிறது. சிலருக்கு முழுதாகப் போவதில்லை. அவர்களுக்கு உள்ளே ஏற்கெனவே நோய் தொடங்கியிருந்து, மருந்து அதை முன்கூட்டியே வெளியே காட்டியிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு மருந்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருந்தால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கும், நீங்கள் சொல்வது வலது கை மட்டும் என்பதால் அந்தச் சந்தேகம் கொஞ்சம் குறைகிறது, முழுக்கப் போகவில்லை. எல்லா கேஸ் மாத்திரையும் இப்படி இல்லை, தலைசுற்றலுக்கு அதிகம் எழுதப்படும் பீட்டாஹிஸ்டின் இந்த வகையைச் சேர்ந்ததும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர்கள் இருக்கும். நான் மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தால், நாளைக்கே அந்த அட்டையோடு பக்கத்தில் இருக்கிற எம்.டி. பொது மருத்துவரையோ, ஆலங்குளம் அரசு ஆஸ்பத்திரி மருத்துவரையோ போய்ப் பாருங்கள். அதற்கு 19 நாள் தேவையில்லை. நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். எதை எதற்காக எழுதினார்கள் என்று தெரிந்த ஒருவர் நிறுத்தச் சொல்லட்டும்.

அதே மருத்துவரிடம் இன்னும் இரண்டு மூன்று காரியங்களை முடித்துக்கொள்ளலாம். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் கை நடுங்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆஸ்துமாவுக்கான சில மருந்துகளும் நடுக்கத்தைக் கொடுக்கும். பீடித் தூசியில் பல வருடம் உட்கார்ந்தவர்களுக்கு இழுப்பு இருப்பது சகஜம் என்பதால், அதற்கு ஏதும் மருந்து போகிறதா என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் நீங்களே கவனித்து எழுதி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மடியில் கையைச் சும்மா வைத்திருக்கும்போது நடுங்குகிறதா, காபி டம்ளரைத் தூக்கும்போது நடுங்குகிறதா? சும்மா இருக்கும்போது நடுங்கி, வேலை செய்யும்போது குறைந்தால் ஒரு வகை. டம்ளர் தூக்கும்போது கூடினால், அதுவும் இரண்டு கையிலும் இருந்து அம்மாவின் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இதே போல இருந்திருந்தால், அது வேறு வகை. தொந்தரவு தந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. பீடி கழிந்துபோவது பற்றி நீங்கள் எழுதியது நல்ல கவனிப்பு. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, முனையை மடித்துக் குத்துவது விரல்களின் மிக நுணுக்கமான வேலை. நடுக்கத்தால் கெடுகிறதா, விரல் மந்தமாகிவிட்டதால் கெடுகிறதா என்று அம்மாவிடமே கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை, அவருக்கு வித்தியாசம் தெரியும். இதை நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மருத்துவர் எழுதாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "போறதே போறோம், ஸ்கேனோட போனா ஒரே தடவையில முடியும்" என்று பலர் செய்கிறார்கள். பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடிப்பது ஸ்கேனில் இல்லை, ஆளைப் பார்த்துத்தான். ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். வேறு காரணம் இருக்கிறதா என்று விலக்கத்தான் அதை எடுப்பார்கள். எந்த மாதிரி எடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். தவறான மாதிரி எடுத்துவிட்டு மறுபடி எடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், பணம் போனது போனதுதான்.

சரி, ஏன் 19 நாள்? எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம், அதன் பிறகு எம்.டி. 3 வருடம், நரம்பியலுக்கான டி.எம். இன்னும் 3 வருடம். இடையில் நுழைவுத் தேர்வுகளுக்குப் படித்த காலத்தையும் சேர்த்தால், ஒருவர் போர்டு மாட்டுவதற்குள் 30 வயதைத் தாண்டிவிடுவார். அப்படிப் படித்து வருகிறவர் ஸ்கேனும், ரத்த வங்கியும், தீவிர சிகிச்சைப் பிரிவும் பக்கத்தில் இருக்கிற ஊரில்தான் உட்கார முடியும். ஆகவே பாளையங்கோட்டையிலும் நெல்லை வண்ணாரப்பேட்டையிலும் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருக்கும். சங்கரன்கோவிலிலோ திசையன்விளையிலோ தேட வேண்டியிருக்கும். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தும், அங்கே மருத்துவக் கல்லூரி இல்லாததால், சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்றால் பழையபடி எல்லாரும் நெல்லைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. அந்த மருத்துவர் ஒரு சாயந்திரம் பார்க்கிற கூட்டத்தில் புதியவர்கள் கொஞ்சம்தான். மீதிப் பேர் பழைய நோயாளிகள். பல வருடமாக வலிப்பு வராமல் அதே மாத்திரையில் இருப்பவர், பக்கவாதம் வந்து தேறி ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க வந்தவர். இவர்களில் நிறையப் பேரை என்னைப் போன்ற பொது மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலையமோ பார்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். ஆனால் ஒருமுறை பெரிய டாக்டரைப் பார்த்தவர் திரும்பச் சின்ன டாக்டரிடம் வர மாட்டார். பெரிய டாக்டரும் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. உங்கள் அம்மாவின் 19 நாளில் பாதி அங்கேதான் போகிறது என்பது என் கணிப்பு. கணக்கெடுத்துச் சொல்வதில்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

காத்திருக்க மனமில்லை என்றால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, ஹைகிரவுண்டு. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிதான் அது. மத்திய அரசுத் திட்டத்தில் கட்டிய சூப்பர் ஸ்பெஷாலிட்டி பிளாக்கும் அந்த வளாகத்தில் இருக்கிறது. அங்கே டோக்கனுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, பொது மருத்துவத்தில் காட்டினால், அவர்கள் நரம்பியலுக்கு எழுதித் தருவார்கள். துறை ஓ.பி. எல்லா நாளும் இருக்காது, கிழமை உண்டு. அதைக் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். நாள் கணக்கில் காத்திருப்பதற்குப் பதில் மணிக்கணக்கில் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒன்று, மருந்துக்கு ஒன்று. இடையில் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு நடை. நடக்கத் தடுமாறுகிறவர் என்றால் கூட இரண்டு பேர் போங்கள், ஒருவர் வரிசையில் நிற்கவும் ஒருவர் அம்மாவோடு உட்காரவும். பார்க்கிறவர்கள் மோசமாகப் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போகத் தனியாகப் பார்க்கத் தடை இல்லை என்பதால், சாயந்திரம் நீங்கள் பணம் கட்டிப் பார்க்கிற சிலர் காலையில் அங்கே இருக்கிறவர்கள்தான்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவத்தில் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியாது. எழுதிக் கொடுத்ததிலிருந்து சிகிச்சை தொடங்க 18 வாரம் என்பதே அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. அந்த இலக்கையும் பல வருடமாக எட்டவில்லை. அங்கே அவசரமானவரை முன்னால் தள்ள ஒரு ஆள் இருக்கிறார் என்பது அவர்களுடைய பலம். நம்மிடம் அந்த வாசல்காவல் இல்லை. யாரும் யாரையும் பார்க்கலாம். வேகம் கிடைக்கிறது, பார்க்கிற நேரம் குறைகிறது. 2017இல் பல நாடுகளின் பொது மருத்துவர்களை ஒப்பிட்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நாம் எந்தப் பக்கத்துக்கு அருகில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது டோக்கனுக்கு முந்தைய நாட்களைப் பற்றி. அம்மாவுக்கு நடுக்கம் ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். டோக்கன் கேட்டது இப்போதுதான். உங்களைக் குறை சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. முதலில் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு மாத்திரை. அப்புறம் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி. யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் தேய்த்தல், கயிறு கட்டுதல். பிசான நெல் அறுப்பு முடியட்டும், கோவில் கொடை முடியட்டும், சென்னையில் இருக்கிற மகன் லீவில் வரட்டும், சனிக்கிழமை பீடிச் சம்பளம் வாங்கட்டும். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் நீளும். வீட்டில் எல்லாருக்கும் பார்த்து முடித்த பிறகுதான் தனக்கு என்று வாய் திறப்பார்கள். கை நடுக்கத்தில் இந்தத் தாமதம் மன்னிக்கக் கூடியது. மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப் போக்கு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால் இதே தாமதம் உயிரையோ காலையோ வாங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் ஸ்பெஷலிஸ்டே வேண்டாம், காசநோயா என்று பார்க்கிற சளிப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நெஞ்சில் அழுத்தம், திடீர்ப் பார்வை இழப்பு, பக்கவாதம் மூன்றுக்கும் டோக்கன் என்ற பேச்சே கிடையாது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும், அப்படியென்றால் கடையத்திலிருந்தோ களக்காட்டிலிருந்தோ கிளம்புகிறவருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் மிச்சம் என்று பாருங்கள்.

மதுரை, திருவனந்தபுரம் பற்றி. முதல் பார்வைக்கு அங்கே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் மற்ற மருத்துவர்கள் வேறுபடலாம். மதுரை நெல்லையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நடுக்கம் ஒருமுறை பார்த்து முடிகிற நோய் இல்லை. மருந்தை ஆரம்பித்தால் சில வாரத்தில் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும், பக்கவிளைவு வந்தால் கேட்க வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை போக அலுத்துப்போய், முதல் சீட்டில் எழுதியதையே இரண்டு வருடம் சாப்பிட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒருவரிடம் ஒழுங்காகப் பார்ப்பது மேல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நரம்பியலில் பெரிய இடம், சந்தேகமில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்பு, அறுவை சிகிச்சை தேவைப்படுகிற முற்றிய நடுக்கம் என்று இங்கே இருக்கிறவரே எழுதி அனுப்பும்போது அங்கே போங்கள். புற்றுநோய் என்றால் அதே ஊரில் வட்டாரப் புற்றுநோய் மையம் இருக்கிறது. செங்கோட்டை, தென்காசி ஆட்கள் அங்கே போவது தலைமுறைப் பழக்கம். அது வேறு கணக்கு.

டோக்கனை முன்னால் இழுக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: கடிதம். உங்கள் பொது மருத்துவர் பார்த்துவிட்டு, இது சீக்கிரம் பார்க்க வேண்டியது என்று அவருக்கே தோன்றினால், எழுதுவதோடு போனும் செய்வார். ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் "இவரை இந்த வாரமே பாருங்கள், இன்ன காரணம்" என்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். காரணம் இல்லாமல் அப்படிக் கேட்க மாட்டோம். கேட்டால் அடுத்த முறை எங்கள் பேச்சு எடுபடாது. வரவேற்பில் இருப்பவருக்குப் பணம் கொடுத்து முன்னால் போவதைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கே எவ்வளவு நடக்கிறது என்று சொல்கிற நிலையில் நான் இல்லை, செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். டோக்கன் ரத்தானால் கூப்பிடச் சொல்லி நம்பரைக் கொடுத்து வையுங்கள். மழை நாளிலும், பெரிய விசேஷத்துக்கு மறுநாளும் இடம் விழும்.

போகிற அன்றைக்கு என்ன கொண்டு போக வேண்டும் என்றால், ஒரே ஒரு தாளில் எப்போது ஆரம்பித்தது, எந்தக் கை, எப்போது கூடுகிறது, இதுவரை யாரைப் பார்த்தீர்கள் என்று ஐந்தாறு வரி. மாத்திரைகளை வெட்டிப் போட்ட துண்டுகளாக இல்லாமல் பெயர் தெரிகிற அட்டையோடு ஒரு பையில். செல்போனில் இரண்டு வீடியோ: கை மடியில் இருக்கும்போது ஒன்று, பீடி சுற்றும்போது ஒன்று. நடந்து போய்த் திரும்புவதையும் எடுத்தால் இன்னும் நல்லது. மருத்துவர் முன்னால் பயத்தில் நடுக்கம் கூடுவதும் உண்டு, அடங்கிப்போவதும் உண்டு. வீடியோ பொய் சொல்லாது. அம்மாவோடு தினமும் இருக்கிறவர் கூடப் போக வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த மருமகன் மட்டும் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் "அத்தையைத்தான் கேக்கணும்" என்பது வழக்கமாக நடக்கிற கூத்து. அத்தையோ, டாக்டரைப் பார்த்த பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

சாயந்திர கிளினிக் என்றால் டோக்கன் நம்பரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவர் ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ் முடித்து வர ஏழு மணிகூட ஆகலாம். நம்பர் 40க்கு மேல் என்றால் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். வெளியூர், கடைசி பஸ் இத்தனை மணிக்கு என்று பதிவு செய்யும்போதே சொன்னால் பல இடங்களில் முன் நம்பர் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். செலவு பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போகலாம், ஆனால் அது மருத்துவரைப் பார்க்கிற பீஸுக்கு உதவாது. படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைகளுக்கும், பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான். எம்.ஆர்.ஐ. எழுதினால், அவசரமில்லை என்ற பட்சத்தில், அரசு ஆஸ்பத்திரி ஸ்கேன் மையத்தில் தனியாரைவிட வெகு குறைவான கட்டணத்தில் எடுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு வீட்டில் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவது உண்டு. உங்கள் கிராமச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

ஆலங்குளத்திலேயே முதலில் ஒருவரைப் பார்த்துவிட்டு, அந்த அட்டைகளின் பின்பக்கத்தில் இருந்த மருந்துப் பெயர்களை இங்கே எழுதுங்கள். 19 நாள் டோக்கனை ரத்து செய்ய வேண்டாம், அது இருக்கட்டும். மருந்துதான் காரணம் என்று சந்தேகப்பட்டு நிறுத்தினாலும், சரியாகிறதா என்று நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். அதற்குள் எந்த அளவு குறைந்தது என்று அவரிடம் சொல்ல உங்களிடம் மூன்று வாரக் கணக்கு இருக்கும்.